சாட்சிக்கு யார் சோறு கொடுப்பது?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை பேச வாருங்கள் என்று அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். 'பேச' என்றதுமே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆகவே இதை வாசிக்கும் குரல் நன்றாக இருந்தால், அது என்னுடையது அல்ல.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் முகம் நினைவிருக்காது. வெள்ளவத்தையில் பிறந்து, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, குற்ற வழக்குகளை அரசுக்காக நடத்தும் உங்கள் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, அண்மையில் ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவன். என் மேசை கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தால் நான் மறைந்துவிடுவேன். அந்த இடத்தை நான்தான் கேட்டு வாங்கினேன்.

போன கிழமை ஓய்வூதிய அலுவலாக வந்தபோது உங்களில் ஒரு தங்கை என்னைப் பிடித்துக்கொண்டார். "அங்கிள், எனக்கு எப்ப கொலை வழக்குத் தருவினம்?" என்று கேட்டார். பிள்ளை, முதலில் உங்களுக்கு ஒரு ஸ்டேப்ளர் தருவார்கள். அதற்கே கையெழுத்து வைக்க வேண்டும். கொலைக்கு இன்னும் காலமிருக்கிறது.

இன்னொரு தம்பி முதல் நாளே கறுப்புக் கோட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டாராம். தம்பி, கோட்டுப் போட்டு எழுந்து நிற்பவர் அரச சட்டத்தரணி. நாங்கள் அவருக்குப் பின்னால் கோப்போடு உட்காருகிறவர்கள். சரியான தாளைச் சரியான நேரத்தில் நீட்டினால் நம்மை யாரும் பார்க்கமாட்டார்கள். பிழையான தாளை நீட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள். எனக்கு இந்த வேலை பிடித்ததற்குக் காரணமே அதுதான். சரியாகச் செய்தால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஆனால் சேர்ந்த முதல் மாதமே நான் நன்றாகத் தெரிந்துவிட்டேன். அளுத்கடை நீதிமன்றக் கட்டடத்தில் நம் சாட்சிகள் இருப்பதற்கு ஒரு சிறிய அறை உண்டு. உள்ளே ஒரேயொரு மின்விசிறி. ஒரு நாள் காலை வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் சப்பாத்து. மூன்று மொழியிலும் எனக்குக் காலை வணக்கம் சொன்னார். மற்றவர் ரப்பர் செருப்பு. வேர்த்து ஒழுகி, யாரையோ ஏசிக்கொண்டு நின்றார். நான் முதலாமவரை மின்விசிறிக்குக் கீழே கதிரை போட்டு இருத்தி, தண்ணீரும் கொடுத்தேன். மற்றவரிடம், "கொஞ்சம் வெளியில நில்லுங்கோ, கூப்பிடுறன்" என்றேன்.

எங்கள் தலைமை எழுதுவினைஞர் வந்து எட்டிப் பார்த்தார். கொம்பனித்தெரு முஸ்லிம் மனிதர், எல்லோருக்கும் 'நானா', அதாவது அண்ணன். என் கூச்சத்தைப் பார்த்து எனக்குப் 'புதுப் பொண்ணு' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

"புதுப் பொண்ணு, தண்ணி மட்டுந்தானா? இவருக்கு ஒரு கேக்கும் வாங்கிக் குடுத்திருக்கலாமே."

"ஏன் நானா?"

"இவர்தான் எதிரி. வெளிய வெயில்ல நிக்கிறாரே, அவர்ட மண்டையத்தான் இவர் ஒடச்சது."

நம் கோர்ட்டுத் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். அந்த எதிரி எழுந்து, தண்ணீருக்கு நன்றி சொல்லி, கதிரையைத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு மரியாதை. அன்றிலிருந்து நான் முதலில் பெயரைக் கேட்பேன், பிறகுதான் கதிரை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். இனி நான் சொல்லப் போவது வேறு வழக்கு. அதற்குப் பெயர் கேட்டும் பிரயோசனம் இருக்கவில்லை, ஏனென்றால் எல்லோருடைய பெயரும் எனக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சந்து. சந்தின் வாயில் கணேசன் என்பவர் அன்னாசி வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பின்னேரம், இருட்டுகிற நேரம், யாரோ பின்னால் வந்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். உயிர் தப்பியது. வலது கை தப்பவில்லை. எலும்பு பொருந்தினாலும் விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. அன்னாசி வெட்டுகிறவருக்கு அதற்குப் பிறகு என்ன தொழில் என்று நீங்களே யோசியுங்கள்.

அடித்தவரைக் கணேசன் காணவில்லை. கண்டது ஒரே ஒரு ஆள். அதே சந்தில் வாசற்படியில் இருந்து இடியப்பம் விற்கும் பிலோமினா அக்கா. அவர் பொலிசில் சொன்ன பெயர், பக்கத்து வீட்டு மேரி அக்காவின் மகனுடையது. வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வந்தது. பிலோமினா அக்கா கூண்டில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால் வழக்கு நிற்கும். சொல்லாவிட்டால் கணேசனின் கைக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. அவ்வளவுதான் வழக்கு.

முதல் தவணைக்கு, அதாவது வழக்கு எடுக்கும் முதல் நாளுக்கு, நான் கோப்போடு படியேறிப் போனபோது, நீதிமன்றத்துக்கு வெளியே நீள மர வாங்கில் இரண்டு பெண்கள் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்கள் சாட்சி. மற்றவர் எதிரியின் தாய். நானாவிடம் ஓடினேன்.

"நானா, எதிரியின்ட அம்மா எங்கட சாட்சிக்குச் சோறு தீத்துறா!"

"தீத்துறாவா? இல்லாட்டி அவவே எடுத்துச் சாப்பிடுறாவா?"

"அவவேதான் சாப்பிடுறா."

"ஒரே சந்து, ஒரே குழாயடி. ஒரு வூட்டுல மீன் வாங்கினா மத்த வூட்டுல சட்டி கழுவுற ஆக்கள். கோர்ட்டுக்கு வந்தோடன முகத்தத் திருப்பிக்கணுமா? சாட்சி சொல்ற அன்டைக்கு மட்டும் கண்ண வச்சிக்கோங்க."

வழக்குத் தள்ளித் தள்ளிப் போனது. ஒவ்வொரு தவணைக்கும் மேரி அக்கா சமைத்து வந்தார், இருவரும் சாப்பிட்டார்கள். கணேசன் எதிர்ச் சுவரோரம் இருந்து கடையில் வாங்கிய பணிஸ், அதாவது பன், சாப்பிட்டார். எப்போதும் பணிஸ்தான். ஏன் சோறு கொண்டு வருவதில்லை என்று நான் யோசித்ததில்லை.

ஒரு நாள் படியிறங்கும்போது பிலோமினா அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி, அந்த அன்னாசிக்காரன் மூஞ்சியப் பாத்தா சொல்லிடணும்னு இருக்கு. இவ சோத்தப் பாத்தா வாய் ஒட்டிக்குது. உப்பத் தின்ன வூட்டுப் புள்ளய எப்புடிக் காட்டிக் குடுக்கிறது, சொல்லுங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அது கடமை உணர்ச்சி அல்ல, வழக்கமான கூச்சம். ஆனால் இந்த வேலையில் இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். அக்கா சொன்னதை அப்படியே அரச சட்டத்தரணியிடம் சொன்னேன். அவர் இளம் சிங்களப் பெண், நாங்கள் 'மிஸ்' என்போம். "நாங்கள் அவருக்கு ஒன்றும் சொல்லக் கூடாது. நல்லதும் சொல்லக் கூடாது" என்றார்.

கடைசியில் சாட்சி சொல்லும் நாள் வந்தது. காலையில் பிலோமினா அக்கா சத்தியம் செய்து கூண்டில் ஏறினார். மிஸ் சிங்களத்தில் கேட்டார். எங்கள் முதலியார், அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், அதைத் தமிழில் சொன்னார். எந்த வீடு, எந்தப் படி, விளக்கு எங்கே எரிந்தது, அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும். எல்லாவற்றுக்கும் நேராகப் பதில். இனி ஒரு கேள்விதான் மிச்சம், அடித்தது யார் என்பது. நீதிபதி மணியைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்.

பாதிச் சாட்சியத்தில் நிற்கும் சாட்சியோடு நம் பக்கத்தில் யாரும் வழக்கைப் பற்றி ஒரு சொல் கதைக்கக் கூடாது. மிஸ் போகிற போக்கில் என்னிடம் சொன்னார். "அவரோடு யாரும் கதைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் கதைக்க வேண்டாம்."

கதைக்காமல் இருக்கச் சம்பளம் கிடைக்கிறதென்றால் என்னைப் போல் பொருத்தமான ஆள் இலங்கையில் இல்லை. சந்தோசமாகப் போய் வாங்குக்குப் பக்கத்தில் நின்றேன்.

மேரி அக்கா பையோடு வந்தார்.

அந்தப் பத்துக் காலடித் தூரத்தில் என் தலைக்குள் ஓடியதைச் சொல்கிறேன். மேரி அக்காவைத் தடுத்தால், சாட்சியை அரசாங்கம் அடைத்து வைத்தது என்பார்கள். என் சாப்பாட்டைப் பிலோமினா அக்காவுக்குக் கொடுத்தால், அரசாங்கம் சோறு போட்டுச் சாட்சி சொல்ல வைத்தது என்பார்கள். வாய் திறந்தால் பிழை. திறக்காவிட்டால் அவர் சாப்பிடுவார், சாப்பிட்டால் வாய் ஒட்டிக்கொள்ளும். என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு பெண்களுக்கும் நடுவில் போய் வாங்கில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் பெண் பக்கத்தில் இடமிருந்தால் வெள்ளவத்தை வரை நின்றுகொண்டு போகிற நான்!

மேரி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, தள்ளி ஒக்காருங்க."

நான் தலையை ஆட்டினேன். தள்ளவில்லை.

"ஏன், நீங்க என்ன மதிலா?"

வாங்கில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. மேரி அக்கா பார்சலை எடுத்து என் கையில் திணித்தார். "அப்ப நீங்களே குடுங்க அவகிட்ட. காலைல இருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டா."

இப்போது பார்சல் என் கையில். வாழையிலைச் சூடு தாளைத் தாண்டி வருகிறது. கொடுத்தால் கொடுத்தவன் நான். திருப்பிக் கொடுத்தால் தடுத்தவன் நான். மடியில் வைத்தால், எதிரியின் வீட்டுச் சோற்றோடு உட்கார்ந்திருக்கிற அரச ஊழியன் நான். மீன் குழம்பு வேறு ஒழுகி என் வெள்ளைக் காற்சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் பார்சலை இரண்டு கையாலும் எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பூசை வைக்கப் போகிறவர் மாதிரி. பிறகு உள்ளதைச் சொன்னேன்.

"அக்கா, இது மேரி அக்கா தந்தது. நான் ஒண்டும் சொல்ல ஏலாது. பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்."

பிலோமினா அக்கா பார்சலைப் பார்த்தார். "என்ன மீனு?"

"நான் பிரிக்கேல்லை அக்கா."

"சாளை," என்றார் மேரி அக்கா எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "மாங்கா போட்டு வச்சது. ஒனக்குப் புடிக்குமேன்னு."

பிலோமினா அக்கா என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, தின்னுட்டு நெசத்தச் சொன்னாப் பாவமா? தின்னாம பொய் சொன்னாப் பாவமா?"

பிள்ளைகளே, எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எதிர்ச் சுவரோரம் கணேசன் பணிஸ் உறையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார். அவருக்காகவாவது ஒரு சொல் சொல்லலாமே என்று இருந்தது. ஆனால் நான் சொல்லிப் பிலோமினா அக்கா சொன்னால், கூண்டில் நிற்பது அவர், பேசுவது நான். அது சாட்சியம் ஆகாது. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பதில் சொல்லாததால் அவர் வேறெங்கோ பார்க்க வேண்டியதாயிற்று. பார்த்தது எதிர்ச் சுவரை.

எழுந்தார். என் கையிலிருந்த பார்சலை எடுத்தார். நேராகப் போய்க் கணேசனின் மடியில் வைத்துப் பிரித்தார்.

"என்னா பணிசயே தின்னுக்கிட்டு இருக்க? சோறு எறங்காதா?"

கணேசன் தலையைக் குனிந்தார். "இல்லக்கா. இடது கையால... நாலு பேரு பாக்க..."

அப்போதுதான் எனக்குப் பணிஸின் காரணம் விளங்கியது. இத்தனை தவணையும் எதிரே இருந்தவன் நான்.

"இடது கையால தின்னா ஒன்னத் தூக்குலயா போடப் போறாங்க? தின்னு."

"அது அவனுக்குக் கொண்டாந்தது இல்ல, பிலோ!" என்றார் மேரி அக்கா.

"நீ குடுத்த, நான் வாங்கிட்டேன். வாங்கினது என்னோடது. யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்."

கணேசன் இடது கையால் சோற்றை அள்ளினார். பாதி வாய்க்குள் போனது, பாதி சட்டையில் விழுந்தது. மீனைப் பிய்க்கத் தெரியவில்லை. வலது கையால் இலையை அழுத்திப் பிடிக்கப் பார்த்தார், விரல்கள் கேட்கவில்லை, இலை வழுக்கியது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். மேரி அக்கா மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் மகன் செய்ததாகச் சொல்லப்படுவதை அவர் அதுவரைக்கும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். கடைசியில், யாரையும் பார்க்காமல், என்னிடம் சொன்னார்.

"முள்ளு இருக்கு. பாத்துத் தின்னச் சொல்லுங்க."

நான் போய்ச் சொன்னேன். அது வழக்கைப் பற்றியது அல்ல.

இனி உங்களுக்கு முக்கியமான இடம். நான் உடனே மிஸ்ஸிடம் போனேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும்வரைக்கும் நிற்காதீர்கள். நீங்கள் சொன்னால் அது தகவல். மற்றவர் சொன்னால் அது குற்றச்சாட்டு.

"மிஸ், எதிரியின் அம்மாவின் சோற்றுப் பார்சல் என் கையில் இருந்தது."

மிஸ் கண்ணை மூடித் திறந்தார். "யார் சாப்பிட்டது?"

"கணேசன்."

"கணேசனா? சாட்சி?"

"ஒன்றும் சாப்பிடவில்லை."

"நீங்கள்?"

"என் காற்சட்டை கொஞ்சம் சாப்பிட்டது, மிஸ்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியிடம் தானே போய் நடந்ததைச் சொன்னார். நீதிபதி வந்ததும் எழுந்து அவருக்கும் சொன்னார். நீதிபதி என் காற்சட்டையைப் பார்த்துவிட்டு, குறித்துக்கொண்டு, "தொடருங்கள்" என்றார். அந்த வழக்கில் நீதிமன்றம் குறித்துக்கொண்ட என் ஒரே பங்களிப்பு அந்தக் குழம்புக் கறை.

மிஸ் கடைசிக் கேள்வியைக் கேட்டார். "அடித்தவர் யார்?"

முதலியார் தமிழில் சொல்லி முடித்தார். பிலோமினா அக்கா எதிரியைப் பார்க்கவில்லை. பின் வாங்கில் இருந்த மேரி அக்காவைப் பார்த்தார். நீதிபதி காத்திருந்தார். முதலியார் மறுபடி கேட்க வாயெடுத்தார், நீதிபதி கையைக் காட்டித் தடுத்தார்.

"மேரிட மகன்," என்றார் பிலோமினா அக்கா. "சின்னதுல இருந்து என் கையால இடியாப்பம் தின்ன புள்ள. அந்தா நிக்கிறானே, அவன்தான்."

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். கெட்டிக்காரர். அவருடைய வேலையை அவர் செய்தார். முதல் கேள்வியே, "இன்று மதியம் உமக்குச் சாப்பாடு தந்தது யார்?"

"யாரும் தரல்லங்க ஐயா. காலைல குடிச்ச பிளேன்டீயோட நிக்கிறேன். வெரசாக் கேட்டு முடிச்சீங்கன்னாப் புண்ணியமாப் போகும்."

நீதிபதி முகத்தைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். எவ்வளவு கேட்டும் பிலோமினா அக்கா சொன்னதிலிருந்து நகரவில்லை. தீர்ப்பு வேறொரு நாளில் வந்தது. நீதிபதி அவரை நம்பினார்.

சாட்சி சொன்ன அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் புறப்பட்டு பஸ் தரிப்பிடத்துக்கு வந்தேன். இரண்டு பேரும் அங்கே நின்றார்கள். போகிற சந்து ஒன்றுதானே. மேரி அக்கா ஒரு முனையில், பிலோமினா அக்கா மறுமுனையில். கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. மேரி அக்கா ஏறினார். கண்டக்டர் கத்தினார். பிலோமினா அக்கா ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு, திரும்ப இறக்கிக்கொண்டார். பஸ் போய்விட்டது.

நான் என் பஸ்ஸையும் விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றேன். சாட்சியம் முடிந்துவிட்டது. இனி கதைக்கலாம்.

அவரே திரும்பினார். "என்னா தம்பி, இன்னும் பேசக் கூடாதா?"

"இப்ப கதைக்கலாம், அக்கா."

"அப்ப பேசுங்களேன்."

நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லலாம். மேரி அக்கா கோபம் ஆறி வருவார் என்று சொல்லலாம். அது எனக்குத் தெரியாது. நாளை காலை அதே குழாயடியில் இருவரும் குடத்தோடு நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"பசிக்குதா, அக்கா?" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இப்ப கேக்குறாரு!"

வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. இரண்டு பிளேன்டீயும் வடையும் சொன்னேன். சல்லி கொடுக்க நான் பையில் கை வைத்ததும் அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"வேணாம் தம்பி. அந்த லாயர் ஐயா மறுபடி கேப்பாரு."

அவரவர் வடைக்கு அவரவர் கொடுத்தோம். அவர் முதல் வடையைப் பிய்த்து வாயில் வைத்தார். மென்றுகொண்டே இருந்தார், விழுங்கவில்லை. நான் தேத்தண்ணிக் கிளாசை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.